ஒற்றை நட்சத்திரம்

காரில் குதிரை நாறுகிறதென்று
நேற்று ஒரு பயணி
எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டாள்.
ஓட்டுநர் பண்பானவர்தான்,
பின்சீட்டில் பார்லி சிந்திக் கிடந்தது என்றும் எழுதியிருந்தாள்.
எசென்கூல் வாசித்துக் காட்டிச் சிரித்தான்.
என் பெயர் ஜில்திஸ்.
கிர்கிஸ் மொழியில் நட்சத்திரம்.
இந்த வீட்டில் முதலிலிருந்தே
ஒன்றுதான்.

பிஷ்கெக்கின் ஓரம்,
கரிப்புகை இறங்கி உட்கார்ந்துவிட்டால்
எழுந்திருக்காத புதுக்குடியிருப்பு.
முன்னால் இரண்டு அறையில் நாங்கள் நாலு பேர்,
பின்னால் கொட்டகையில் கெர் ஒருவன்.
யாருக்கு இடம் அதிகமென்று அளக்க வேண்டாம்.
நான் அளந்துவிட்டேன்.

கணக்கு நோட்டு என்னிடம்தான்.
மாதம் ஆறு மூட்டை பார்லி.
உலர்புல் போன வருஷம் கட்டு நூற்றெண்பது சோம்,
மழை பொய்த்த இந்த வருஷம் முந்நூற்றைம்பது.
ஆறு வாரத்துக்கொருமுறை தோக்தோசுன் வந்து
லாடம் அடிப்பார்:
கூலி, ஒரு வேளைச் சோறு,
இரண்டு வேளைப் பேச்சு.
வரவுப் பக்கத்தில்
இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்டத்தில் வென்ற கம்பளம்.
பிள்ளைகள் அதன்மேல்தான் தூங்குகிறார்கள்.

தலையில்லா ஆட்டுடலைக்
குதிரைமேலிருந்து குனிந்து பறித்து
எதிரணியின் குழியில் எறிய வேண்டும்.
கோக்-போரு.
அதற்குத்தான் இந்தக் குதிரை.
வருஷத்தில் பதினோரு ஞாயிறு ஓடும்.
மற்ற முந்நூற்றைம்பத்து நாலு நாள்
தின்னும்.
அந்தப் பதினோரு நாளும் தின்னும்.

ஜனவரியில் ஒரு திருப்பத்தில்
முன்னங்கால் ஏதோ பேசியது.
எசென்கூலுக்குக் கேட்டதாம்.
ரைசா பெத்ரோவ்னா குனிந்து தடவினாள்,
கையெடுக்காமலே சொன்னாள்: தசைநாண்.
குளிர் ஒத்தடம், ஓய்வு, எட்டு மாதம்,
அப்புறமும் உறுதி சொல்லமாட்டேன்.
வண்டிச்சத்தம்கூட வாங்காமல் போனாள்.
எனக்குப் பயம் பிடித்தது
அப்போதுதான்.

குழாய் உறைந்திருந்தது.
மகளின் பள்ளிக்கூடக் காலுறைகளில்
பனியை அடைத்துக் காலில் சுற்றினேன்.
நாளுக்கு மூன்று தடவை, இருபது நிமிஷம்.
அவன் இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிப்
பகலில் தூங்குகிறவன்.
வேறு யார் சுற்றுவது?
முதல் வாரம் அது என் தோளைக் கடித்தது.
இரண்டாம் வாரம்
சட்டைப்பையைத் துழாவியது.
நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை.
மூன்றாம் வாரம் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை சுக்கூர் வந்தான்,
இறைச்சித் தரகன்.
எசென்கூல் வீட்டிலில்லாத நேரம் பார்த்துத்தான்.
பெண்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்றான்.
விலாவை அமுக்கினான்,
முலாம்பழம் வாங்குகிறவனைப் போலத்
தொடையில் இரண்டு தட்டு.
எலும்பு போக இருநூற்றிருபது கிலோ,
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
இப்போதே, ரொக்கமாக.

கார்க்கடன் தீரும்.
இடப்பக்கக் கடைவாயில்
எனக்கு வராத பற்கள் வரும்.
பார்லிப் பாக்கி போக
மகளுக்கு ஒரு ஜோடிக் காலுறையும்.
கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.
எங்கள் வீட்டில் எந்தக் கணக்கும்
அவ்வளவு சரியாக வந்ததில்லை.

கெர் தும்மியது.
சுக்கூரின் நல்ல கோட்டு முழுக்க
பச்சைச் சளியும் பார்லி உமியும்.

எட்டு மாதம் கழித்து வா என்றேன்.
எட்டு மாதத்தில் இதே அளவு தின்றுவிடுமே
என்றான்.
தெரியும் என்றேன்.
நோட்டு என்னிடம்தானே இருக்கிறது.

அன்றிரவு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
பின்சீட்டை மட்டும் துடைத்து வைத்தேன்,
எலுமிச்சை வாசனை அட்டை ஒன்று
நாற்பது சோம் கொடுத்து வாங்கி மாட்டினேன்.
அதையும் குதிரைச் செலவில்தான் எழுதினேன்.

விளக்கணைத்த பிறகு
சுவருக்கப்பால் சத்தம்:
இருபக்கக் கடைவாயாலும்
நிதானமாக,
ஒரு தானியம் வீணாக்காமல்.
அதற்கு நாற்பது பல்.
எனக்கு இருபத்தாறு.
நாக்கால் எண்ணிப் பார்த்துவிட்டுத்
தூங்கிப்போனேன்.